பூசானுக்குப் போன 130 பேர்

வங்கதேசத்தில் பருத்தி பேருக்குத்தான் விளைகிறது. ஆனால் அந்த நாட்டின் ஏற்றுமதி வருமானத்தில் 80 சதவீதத்துக்கு மேல் ஆயத்த ஆடையிலிருந்து வருகிறது. மாட்டுத்தோல் உள்நாட்டிலேயே ஏராளம். தோல் பொருள் ஏற்றுமதியோ தட்டுத்தடுமாறுகிறது. மூலப்பொருள் இருக்கும் இடத்தில் தொழில் வளரும் என்று பள்ளியில் படித்தோமே, அது இங்கே பலிக்கவில்லை.

1971இல் விடுதலை பெற்றபோது அந்நாட்டின் ஏற்றுமதி என்றாலே சணல்தான். 1974 முதல் பணக்கார நாடுகள் ஆடை இறக்குமதிக்கு நாடுவாரியாக உச்சவரம்பு வைத்தன. தென்கொரியாவின் தேவூ நிறுவனம் அந்த வரம்பில் இடித்துக்கொண்டு நின்றது. வங்கதேசத்துக்கு அப்போது வரம்பே இல்லை. சிட்டகாங்கின் தேஷ் கார்மென்ட்ஸுடன் தேவூ கைகோத்தது. 1979இல் அங்கிருந்து 130 பேர் தென்கொரியாவின் பூசான் நகருக்குப் பயிற்சிக்குப் போனார்கள்.

தையலா கற்றார்கள்? ஊர் டெய்லர் ஒரு சட்டையை முழுதாகவே தைத்துவிடுவார். ஏற்றுமதிச் சட்டையில் காலர் ஒருவர், கை ஒருவர், பட்டன் ஓட்டை இன்னொருவர். ஒரு மிஷினில் துணி தேங்கினால் அடுத்த மிஷின்கள் சும்மா கிடக்கும். தேங்காமல் ஓட்டுவது, கட்டிங்கில் துணி வீணாகாமல் பார்ப்பது, பத்தாயிரம் பீஸையும் ஒரே அளவில் கொண்டுவருவது எல்லாம் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் கைக்கு வரும்.

அந்த 130 பேரில் 115 பேர் 1980களில் தேஷை விட்டு விலகி, சொந்தமாக ஆலை தொடங்கினார்கள் அல்லது புதிய ஆலைகளில் சேர்ந்தார்கள். முதலாளிக்கு வயிற்றெரிச்சல், நாட்டுக்கு அடித்தது யோகம்.

சரி, துணி வாங்கப் பணம்? எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான். சட்டை கேட்கும் வெளிநாட்டு வியாபாரி தன் வங்கி மூலம் எல்.சி. திறப்பார், சொன்னபடி சரக்கை அனுப்பினால் பணம் நிச்சயம் என்ற வங்கியின் வாக்கு அது. டாக்கா வங்கி அதையே ஈடாக வைத்து, துணி விற்பவர் பெயருக்கு இரண்டாவது எல்.சி. திறக்கும். சட்டைப் பணம் வந்ததும் துணிக்கடன் கழியும். துணியும் சுங்கத் தீர்வை இல்லாமல் கிடங்குக்கு வந்து சேரும். கையில் முதல் இல்லாதவரும் ஏற்றுமதியில் இறங்க முடிந்தது.

பின்னலாடையில் அடுத்த படியும் ஏறினார்கள். துணியும் உள்நாட்டில் உருவானால்தான் வரிச்சலுகை என்று 2011 வரை ஐரோப்பா விதி வைத்திருந்தது. நெசவாலையைவிடப் பின்னல் ஆலைக்கு முதலீடு குறைவு. எனவே நூலும் பின்னல் துணியும் உள்ளூரிலேயே உருவாயின.

ஆனால் ஆடைக்குத் தாராளமாகக் கிடைத்த தீர்வையில்லாக் கிடங்கு வசதி மற்ற தொழில்களுக்கு அவ்வளவு எளிதில் கிடைக்கவில்லை. வெளிநாட்டுப் பொருளுக்கு இறக்குமதி வரியும் அதிகம், அதனால் உள்ளூரில் போட்டி குறைவு. எனவே பிளாஸ்டிக், காலணி போன்றவற்றை வெளிநாட்டுக்கு அனுப்புவதைவிட உள்ளூரில் விற்பதே லாபம்.

தோலுக்கு வந்த சிக்கல் வேறு. டாக்காவின் ஹசாரிபாக் தோல் ஆலைகளை 2017இல் நகருக்கு வெளியே உள்ள சாவாருக்கு மாற்றினார்கள். அங்குள்ள பொதுக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் சரியாக வேலை செய்யவில்லை. பக்ரீத் சமயத்தில் தோல் வந்து குவியும்போது நிலைமை இன்னும் மோசம். பெரிய காலணி நிறுவனங்கள் கேட்கும் சுற்றுச்சூழல் சான்றிதழ் அங்குள்ள பெரும்பாலான ஆலைகளிடம் இல்லை. அதனால் நல்ல தோலும் அடிமாட்டு விலைக்குப் போகிறது.