சும்மா இருந்தால் கரகரக்கும் லேப்டாப்

"லினக்ஸ் லேப்டாப்பில் கீபோர்டு வாசித்துப் பதிவு செய்கிறேன். வேறெதுவும் ஓடாதபோது ஒலி கரகரக்கிறது. பக்கத்தில் ஒரு வீடியோவை ஓடவிட்டால் சரியாகிவிடுகிறது. பேய் பிடித்திருக்கிறதா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

பேய் இல்லை, தூக்கம்.

வேலை இல்லாத இடைவெளியில் ப்ராசஸரைத் தூங்க வைப்பது கெர்னலின், அதாவது லினக்ஸின் மையக்கருவின், வழக்கம். அதிலும் பல ஆழங்கள் உண்டு. இன்டெல் ஸ்கைலேக் லேப்டாப் சிப்புகளுக்கு லினக்ஸ் வைத்திருக்கும் பட்டியலில் ஒவ்வொரு ஆழத்துக்கும் ஒரு பெயர். சி1 கோழித்தூக்கம், விழிக்க 2 மைக்ரோவினாடி (வினாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) போதும். சி10 கும்பகர்ணன், 890 ஆகும். ஆழம் கூடக்கூட மின்சாரம் மிச்சம்.

ஒலிக்கு வருவோம். வினாடிக்கு 48,000 மாதிரி (ஒலியை அளந்தெடுத்த எண்கள்), ப்ராசஸர் அவற்றைத் தவணைக்கு 64 என்று கையாள்கிறது என்றால், ஒவ்வொரு தவணைக்கும் கைவசம் இருப்பது சுமார் 1,333 மைக்ரோவினாடி. விழிப்பதற்கே 890 போனால் மிச்சத்தில் வேலை முடியுமா? வீடியோ ஓடினால் ப்ராசஸருக்கு அவ்வளவு ஆழமாகத் தூங்க நேரமே கிடைப்பதில்லை. அவ்வளவுதான் ரகசியம்.

"எல்லாத் தூக்கத்தையும் பயாஸில் (லேப்டாப்பின் அடிப்படை அமைப்புத் திரை) அணைத்துவிடு" என்று ஒரு மந்திரம் சொல்வார்கள். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற வேலை. லேப்டாப் சூடாகும், பேட்டரி கரையும்.

2008-இல் வந்த 2.6.25 கெர்னலிலேயே நல்ல வழி இருக்கிறது. பெயர் பிஎம் க்யூஓஎஸ், எவ்வளவு தாமதம் தாங்கும் என்று நிரல்கள் கெர்னலிடம் சொல்லும் ஏற்பாடு. டெவ் அடைவில் 'சிபியு டிஎம்ஏ லேட்டன்சி' என்றொரு கோப்பு. அதைத் திறந்து 100 என்று எழுதினால், விழிக்க 100 மைக்ரோவினாடிக்கு மேல் எடுக்கும் தூக்கத்தைக் கெர்னல் தொடாது. 85 எடுக்கும் சி6 சரி, 124 எடுக்கும் சி7எஸ் கூடாது. இன்னொரு நிரல் 20 கேட்டால்? சராசரி எல்லாம் கிடையாது, யார் பெரிய அவசரக்காரரோ அவர் வைத்ததுதான் சட்டம். யாருமே கேட்காதபோது இருக்கும் எண் 2,000 வினாடி. அரைமணிக்கும் மேல்!

எனக்குப் பிடித்தது இனிமேல்தான். எழுதியபின் கோப்பை மூடக் கூடாது. திறந்து வைத்திருக்கும் வரைதான் கோரிக்கைக்கு உயிர். ஷெல்லில் (கட்டளை தட்டும் திரை) எக்கோ கட்டளையால் எழுதினால் அது திறந்து, எழுதி, உடனே மூடிவிடும், பலன் பூஜ்யம். நானே இப்படிச் செய்துவிட்டு அரைமணி நேரம் திருதிருவென்று விழித்திருக்கிறேன். ஆனால் எவ்வளவு அழகான ஏற்பாடு! "என் வேலை முடிந்தது" என்று யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. நிரல் பாதியில் செத்து விழுந்தாலும், அது திறந்த கோப்புகளைக் கெர்னல் எப்படியும் மூடத்தான் போகிறது. ஆள் போனால் கோரிக்கையும் போச்சு. அடுத்த கணம் பழையபடி கும்பகர்ணன்.

சில சாதனங்களுக்கும் இதேபோல் தனித்தனிக் கோப்பு உண்டு. அங்கே ஒரு கூத்து. ப்ராசஸர் கோப்பில் 0 என்றால் 'தூங்கவே கூடாது'. சாதனத்தின் கோப்பில் 0 என்றால் 'எனக்கு ஒரு நிபந்தனையும் இல்லை'. அங்கே தூங்கவே கூடாது என்று சொல்ல 'என்/ஏ' என்று எழுத வேண்டும். யார் யோசனையோ!