மாடியில் சோலார்: கார்பன் பணத்தை நம்பி மானியத்தைக் கோட்டை விடாதீர்கள்

"மாடியில் சோலார் போட்டால் வருஷா வருஷம் கார்பன் கிரெடிட் பணம் வரும், பதிவுக் கட்டணம் மட்டும் கட்டுங்கள்" என்று பெங்களூரில் யாராவது உங்கள் கதவைத் தட்டினால், கட்டாதீர்கள்.

ஒரு கார்பன் கிரெடிட் என்பது ஒரு டன் கரியமில வாயு குறைந்ததற்கான, விற்கக்கூடிய சான்று. 3 கிலோவாட் சோலார் வருஷத்துக்கு நாலாயிரம் யூனிட்டுக்குச் சற்று மேல் தரும். யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு மிச்சம் என்று வைத்தால், வருஷத்துக்கு மூன்று கிரெடிட். அதைச் சரிபார்த்துச் சான்று வாங்கும் செலவு வருமானத்தையே விழுங்கிவிடும். மத்திய அரசு 2023இல் கொண்டுவந்த கார்பன் கிரெடிட் வர்த்தகத் திட்டம் சிமெண்ட், அலுமினியம், காகிதம் மாதிரியான ஆலைகளை முதன்மையாக வைத்து எழுதியது. தனி வீட்டுக்காரர் போய் நிற்க அதில் கவுண்டர் கிடையாது.

உங்களுக்கு உரிமையுள்ள பணம், வீட்டு மாடி சோலாருக்கு மத்திய அரசு தரும் பிஎம் சூர்ய கர் மானியம். 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2க்கு 60,000, 3 ஆனாலும் அதற்கு மேல் ஆனாலும் 78,000. சொந்த மாடியும் வீட்டு மின் இணைப்பும் வேண்டும். முன்பு சோலார் மானியம் வாங்கியிருக்கக் கூடாது. காகிதத்தில் இவ்வளவு எளிது.

அல்சூர், ஸ்ரீராமபுரம் பக்கத்துப் பழைய வீடுகளில் நம் தமிழ் ஆட்கள் மாட்டுவது பெயரில்தான். கரண்ட் பில் இன்னும் காலமான அப்பா பெயரிலேயே வரும். இல்லையென்றால் பில்லில் 'எஸ். முருகன்', ஆதாரில் 'முருகன் சுப்பிரமணி', பாஸ்புக்கில் வெறும் 'முருகன்'. இனிஷியல் என்றால் அப்பா பெயர் என்று கவுண்டரில் எவ்வளவு விளக்கினாலும், கம்ப்யூட்டர் எடுக்கவில்லை என்பதுதான் பதில். பில்லில் பெயர் மாற்றப் போனால் காத்தா (சொத்து வரிப் பதிவு) கேட்பார்கள். காத்தா மாற்றப் போனால் இறப்புச் சான்று, நாடகச்சேரி என்கிற வருவாய்த்துறை அலுவலகத்தில் வாங்கும் வம்ச விருட்சம் (வாரிசு வரிசையைக் காட்டும் சான்று) கேட்பார்கள். இதையெல்லாம் முடித்துவிட்டுப் பேனல் பக்கம் போங்கள். முன்பணம் கொடுத்த பிறகு அலைய ஆரம்பித்தால், வியாபாரி அலுவலகத்தைக் கைகாட்டுவார், அலுவலகம் வியாபாரியைக் கைகாட்டும்.

'சாத்தியக்கூறு ஆய்வு (உங்கள் சோலாரை மின்கட்டமைப்பு தாங்குமா என்ற சோதனை) முடியவில்லை' என்று மின்வாரிய அலுவலகத்தில் இழுத்தடிக்கிறார்களா? 10 கிலோவாட் வரை அந்த ஆய்வே தேவையில்லை என்று 2024இல் திருத்திய மின்நுகர்வோர் உரிமை விதிகள் சொல்கின்றன. காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வாயால் சொல்கிற காரணம் எழுத்தில் வருவது அபூர்வம்.

அப்புறம், மலிவான பேனல். பேனலும் அதற்குள் இருக்கும் சோலார் செல்களும் உள்நாட்டில் செய்தவையாக இருந்தால்தான் மானியம். வெளிநாட்டுச் செல் என்றால் விலை குறையும், மானியமும் போகும். திட்டத்தின் இணையதளத்தில் பதிவான வியாபாரியா என்று முதலில் பாருங்கள். விண்ணப்பித்துவிட்டுத்தான் பேனலை மாட்ட வேண்டும். நெட் மீட்டர் (நீங்கள் எடுக்கும் மின்சாரத்தையும் திருப்பித் தரும் மின்சாரத்தையும் கணக்கிடும் மீட்டர்) பொருத்திச் சோதனை முடிந்த பிறகே பணம் வரும், அதுவும் உங்கள் கணக்குக்கே வரும். மானியத்தைத் தன் கணக்கில் வாங்கித் தருவதாகச் சொல்பவரிடம் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

ஒப்பந்தத்தில் கார்பன் பலன்கள் எல்லாம் நிறுவனத்துக்கே என்று ஒரு வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். உங்கள் மூன்று கிரெடிட் உங்களுக்குச் சில்லறை. ஆயிரக்கணக்கான மாடிகளைச் சேர்த்துக் கணக்குக் காட்டுகிறவருக்கு அது காசு. அந்த வரி இருந்தால், அதற்காக விலையில் எவ்வளவு குறைத்துக்கொள்வீர்கள் என்று கையெழுத்துக்கு முன்பே பேரம் பேசுங்கள்.