வராத சீட்டும் மழைக்காலத் தாழ்ப்பாளும்

“25 வருடப் பழைய மினிவேன். ஃப்ரிட்ஜ் ஏற்ற வேண்டும், பின் சீட்டைக் கழற்றப் பார்த்தால் கைப்பிடி அசையவே மாட்டேன் என்கிறது. கம்பி வைத்து நெம்பலாமா?” கனடாவிலிருந்து ஒரு வாசகரின் கேள்வி. நெம்ப வேண்டாம். கைப்பிடி உடையும், சீட் அங்கேயேதான் இருக்கும்.

மினிவேன் என்ற வண்டியே ஒருவகையில் கழற்றும் சீட்டை நம்பிப் பிறந்ததுதான். 1983 நவம்பரில் கனடாவின் வின்ட்சர் ஆலையிலிருந்து கிரைஸ்லர் நிறுவனத்தின் மினிவேன்களான டாட்ஜ் கேரவனும் பிளிமத் வாயேஜரும் வந்தன. வார நாளில் பிள்ளைகள், சனிக்கிழமை மரப்பலகை. அவற்றின் 1996 மாடலில் பெஞ்ச் சீட்டுக்கு அடியில் சக்கரம் வைத்தார்கள். 2005 மாடலில் சீட்டைத் தரைக்குள்ளேயே மடித்துப் போடும் வசதி வந்தது. ஆகவே இந்தத் தலைவலி பெரும்பாலும் அதற்கு முந்தைய வண்டிகளுக்கு.

கழற்றும் வரிசை எளிது. சாமானை எடுத்துவிட்டு, தலை சாயும் பகுதியை இறக்கி, முதுகுப் பகுதியை சீட்டின் மேல் மடிக்க வேண்டும். சில வண்டிகளில் தோள் பெல்ட் பாடியிலிருந்து வந்து சீட்டில் மாட்டியிருக்கும். அதை முதலில் விடுவிக்காவிட்டால் பாதி வழியில் சீட் தொங்கும். பிறகு பின்கால்களின் கொக்கியைத் திறந்து, பின்பக்கத்தைத் தூக்கி, முன்கொக்கியை விடுவித்துப் பின்கதவு வரை உருட்ட வேண்டும். வண்டிக்கு வண்டி கைப்பிடியின் இடம் மாறும். உள்ளே இருக்கும் தத்துவம் அநேகமாக ஒன்றுதான்.

அந்தக் கொக்கிதான் விஷயம். தரையில் சிறு குழி, குழிக்குள் விரல் தடிமனில் குறுக்காக ஒரு எஃகுக் கம்பி. சீட்டின் காலில் உள்ள கொக்கி அந்தக் கம்பிக்கு அடியில் போய்ப் பிடித்துக்கொள்ளும். கொக்கி திரும்பி விடாதபடி ஒரு சின்ன நாக்கு அதற்கு முட்டுக் கொடுக்கும். நீங்கள் இழுக்கும் கைப்பிடி கொக்கியைத் தொடுவதே இல்லை, நாக்கை மட்டும்தான் நகர்த்துகிறது.

இந்தச் சின்ன ஏற்பாடு தாங்க வேண்டிய பாரம் சாதாரணமல்ல. அமெரிக்காவின் வாகனப் பாதுகாப்பு விதிகளில் (எஃப்எம்விஎஸ்எஸ்) 207-ஆவது விதிப்படி, சீட் தன் எடையைப் போல 20 மடங்கு விசையை முன்னும் பின்னும் தாங்க வேண்டும். மூவர் உட்காரும் பெஞ்ச் சுமார் 45 கிலோ என்றால், கிட்டத்தட்ட 900 கிலோ எடைக்குச் சமமான விசை. இடுப்பு பெல்ட் சீட்டிலேயே மாட்டியிருந்தால் அந்த இழுப்பும் இதோடு சேரும். இடுப்பு பெல்ட் மட்டும் உள்ள இடத்துக்கு விதி 210 கேட்பது ஆளுக்கு 5,000 பவுண்டு, அதாவது 2,268 கிலோ. அத்தனையையும் தாங்கும் பூட்டை ஒரு கையால் திறக்க முடிவது எப்படி?

வடிவியல்தான் பதில். கம்பி கொக்கியை இழுக்கும் விசைக்கோடு, கொக்கி சுழலும் அச்சாணிக்கு மிக அருகில் போகும்படி வடிவமைப்பார்கள். பள்ளியில் படித்த திருப்புத்திறன்: விசை பெருக்கல் செங்குத்துத் தொலைவு. தொலைவு 2 மில்லிமீட்டர், விசை 10,000 நியூட்டன் என்று வைத்துக்கொண்டால் திருப்புத்திறன் 20 நியூட்டன் மீட்டர்தான். நாக்கு 40 மில்லிமீட்டர் தள்ளி முட்டுக் கொடுத்தால் அதன் மேல் விழுவது 500 நியூட்டன். ஒரு டன் 50 கிலோவாகச் சுருங்கிவிட்டது! அந்த 500 நியூட்டனும் நாக்கின் சொந்த அச்சாணி வழியாகவே போவதால் நாக்கைத் திருப்பாது. கைக்கு மிஞ்சுவது உராய்வு மட்டும்.

பழைய வண்டி மாட்டிக்கொள்வது அந்த உராய்வில்தான். எண்ணெய் உள்ள எஃகுப் பரப்புகளுக்கு உராய்வுக் கெழு சுமார் 0.15, காய்ந்து போனால் சுமார் 0.6. நான்கு மடங்கு. குளிர்காலத்தில் சாலையில் போடும் உப்பு காலணியோடு உள்ளே வந்து துருவையும் சேர்க்கிறது. போதாததற்கு, சீட் கடகடவென்று ஆடாமலிருக்கக் காலுக்கு அடியில் வைத்த ரப்பர், சீட்டை எப்போதும் மேலே தள்ளிக்கொண்டே இருப்பதால் கொக்கி கம்பியோடு இறுகி நிற்கிறது.

மழைக்காலத்தில் உப்பிய மரக்கதவை நினைத்துப் பாருங்கள். தாழ்ப்பாளை எவ்வளவு இழுத்தாலும் நகராது. கதவை ஒரு கையால் நிலையோடு சேர்த்து அழுத்தினால் வழுக்கிக்கொண்டு வரும். இங்கேயும் அதேதான். ஒரு முழங்காலைச் சீட்டின் பின்விளிம்பில், கொக்கிக்கு நேர் மேலே ஊன்றி, உடல் எடையை இறக்குங்கள். ரப்பர் அமுங்கும், கொக்கி கம்பியை விட்டு ஒரு மயிரிழை இறங்கும், நாக்கின் மேல் பாரம் போய்விடும். அந்த நொடியில் கைப்பிடியை இழுக்க வேண்டும்.

அதற்கும் வரவில்லையா? குழியை வாக்யூம் பண்ணுங்கள். நாணயம், கிரேயான், வேர்க்கடலை, எல்லாம் இருக்கும். துரு இளக்கும் எண்ணெயைக் கொக்கியின் அச்சாணியில் அடித்து 15 நிமிடம் விட்டு, அழுத்தி விடுவதும் இழுப்பதுமாகப் பத்துப் பன்னிரண்டு முறை செய்யுங்கள். பெல்ட் நாடாவிலும் பக்கிளிலும் எண்ணெய் படக் கூடாது. ஒரு பக்கம் திறந்து மறுபக்கம் திறக்காவிட்டால் தூக்காதீர்கள்: சீட் முறுக்கிக்கொண்டு மிச்சக் கொக்கியை இன்னும் இறுக்கும். திரும்ப அழுத்திப் பூட்டி, முதலிலிருந்து தொடங்குங்கள்.

இறக்குவதற்கு இரண்டு பேர் கட்டாயம். 45 கிலோவை இடுப்பிலிருந்து அரை மீட்டர் தள்ளிப் பிடித்தால் திருப்புத்திறன் சுமார் 220 நியூட்டன் மீட்டர். முதுகுத் தசை முதுகெலும்பிலிருந்து ஏறக்குறைய 5 சென்டிமீட்டரில்தான் இழுக்கிறது. கணக்குப் போட்டால் தசைக்கு 4,400 நியூட்டன். கொக்கிக்கு வரமான அதே வடிவியல் உங்கள் முதுகுக்குச் சாபம்.

மைலேஜுக்காகவே சீட்டைக் கழற்றி வைப்பவர்கள் உண்டு. 100 பவுண்டு குறைத்தால் சுமார் 1 சதவீதம் மிச்சம் என்கிறது அமெரிக்க அரசின் எரிபொருள் சிக்கனத் தளம். டயரில் காற்று குறைவாக இருந்தால், அதைச் சரிசெய்வதிலேயே அதற்கு மேல் கிடைக்கலாம். தவிர, சீட்டின் நுரை சத்தத்தையும் உறிஞ்சுகிறது. கழற்றிய வேன் தகர டப்பா போல அதிரும்.

திரும்ப மாட்டும் முன் அச்சாணியில் துளி வெள்ளை லித்தியம் கிரீஸ் போதும். முன்கொக்கி முதலில், பிறகு பின்பக்கம். அரைகுறையாகப் பூட்டிய சீட் 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதினால், சுமார் 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்த வேகத்தோடு முன்னால் பாயும். அதனால் இரண்டு பக்கமும் தனித்தனியாக ‘க்ளிக்’ கேட்க வேண்டும், மேலே இழுத்துப் பார்த்தால் அசையக் கூடாது. ஒரு க்ளிக்தான் கேட்டதென்றால் மறுபக்கக் குழியில் இன்னும் ஒரு நாணயம் கிடக்கிறது.