மாட்டுக்குப் பின்னால் கொக்கு ஏன் போகிறது?

காலபோகத்துக்கு உழவு தொடங்கினால், பரந்தனிலிருந்து முரசுமோட்டைக்குப் போகும் வழியெல்லாம் மெசினுக்குப் பின்னால் வெள்ளைக் கொக்குகள்தான். குளத்தடியில் பட்டிமாடு மேய்ந்தாலும் அதே கூட்டம். கட்டையான மஞ்சள் அலகு. முட்டையிடும் காலத்தில் தலையிலும் கழுத்திலும் செம்மஞ்சள் பூசினது போல நிறம் ஏறும். அதுதான் உண்ணிக்கொக்கு. வன்னியில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் பழக்கமான பறவை. பழக்கமானது என்பதாலேயே யாரும் நின்று பார்ப்பதில்லை.

உண்ணியும் இலையானும் கிடைத்தால் அது விடாது. ஆனால் வயிறு நிறைவது வேறு வழியில். மாடு புல்லுக்குள் கால் வைத்ததும் அங்கே ஒளிந்திருக்கும் தத்துவெட்டியும் சிறு தவளையும் பதறித் துள்ளும். அசையாமல் இருந்தால் தத்துவெட்டி புல்லோடு புல்லாகிவிடும், கொக்கின் கண்ணுக்கே லேசில் தட்டுப்படாது. துள்ளியதும் அகப்பட்டுக்கொள்ளும். தனியே மேயும் கொக்கைவிட மாட்டோடு போகும் கொக்கு 3.6 மடங்கு இரை பிடித்ததாக ஓர் ஆய்வில் கண்டிருக்கிறார்கள்.

எந்த மாடானாலும் சரி என்றும் இல்லை. நிமிடத்துக்கு 5 முதல் 15 அடி வைக்கும் மாடுதான் கொக்குக்குத் தோது. படுத்து அசைபோடும் மாட்டால் இரை கிளம்பாது. விரட்டிக்கொண்டு போகிற பட்டியோடு ஓடினால் கொத்த நேரம் இருக்காது.

கொத்துகிற விதம் இன்னும் அழகு. கொக்கு இனங்களின் கழுத்தில் ஆறாவது எலும்பு நீளமானது. அந்த இடத்தில்தான் கழுத்து மடிந்து நிற்கிறது. மடிந்த கழுத்து சட்டென்று நிமிரும்போது கால் நின்ற இடத்திலேயே நிற்கும், அலகு மட்டும் பாய்ந்துவிடும். அதற்குக் கொஞ்சம் முன்பு கழுத்தைக் கவனியுங்கள். இடமும் வலமுமாக நெளியும். ஆனால் தலை அசையாது, கண் இரையிலேயே இருக்கும்.

இதையெல்லாம் பிள்ளைக்குப் பாடமாக ஒப்புவிக்க வேண்டாம். பறவைகளின் பெயரைப் பட்டியலாகப் பாடமாக்குவதிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரு கேள்வியைக் கொடுத்து எண்ணச் சொல்லுங்கள். வரம்பில் இரண்டு பிள்ளைகள் இருந்தால் போதும். ஒருவர் போனில் நேரம் பார்த்துக்கொண்டு, மாட்டின் முன்னங்கால் ஒரு நிமிடத்தில் எத்தனை தரம் எடுத்து வைக்கிறது என்று எண்ணட்டும். மற்றவர் கொக்கு எத்தனை அடி நடந்தது, எத்தனை தரம் பிடித்தது என்று எண்ணட்டும். கொத்தினதெல்லாம் பிடித்ததாகாது. தலையை ஒருதரம் பின்னுக்கு உதறி, தொண்டை அசைய விழுங்கினால் மட்டும் கணக்கு. அப்புறம், மாடில்லாமல் தனியே மேயும் கொக்கையும் அதே ஒரு நிமிடம் பார்க்க வேண்டும். இரண்டையும் கொப்பியில் பக்கத்துப் பக்கத்தில் எழுதினால் வித்தியாசம் தானே தெரியவரும். மெசினுக்குப் பின்னால் போகும் கொக்கும் ஏறக்குறைய அதே அளவு பிடிக்கும், ஆனால் அதற்குக் கூடுதலாக நடக்க வேண்டும் என்கிறார்கள். உங்கள் வயலில் அது சரியா என்று பிள்ளையே பார்த்துச் சொல்லட்டும்.

மெசினுக்குக் கிட்டப் போகக் கூடாது. மிதிவெடி எச்சரிக்கைப் பலகை இருக்கிற காணிக்குள் எந்தப் பறவைக்காகவும் கால் வைக்கக் கூடாது. இந்தப் பறவையைப் பார்க்க வரம்பும் தெருவோரமும் தாராளம்.

பக்கத்தில் மண்ணிறமாக ஒன்று குந்தியிருந்து, பறக்கும்போது மட்டும் வெள்ளையாகத் தெரிந்தால் அது குளக்கொக்கு. அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

எண்ணிப் பழகிய பிள்ளைக்கு அடுத்த கேள்வி இருக்கிறது. உண்ணிக்கொக்கு தன் மாட்டைச் சுற்றியுள்ள இடத்தை மற்றக் கொக்குக்கு விட்டுக்கொடுக்காது, துரத்தும். ஆனால் நிறையக் கொக்குகள் வந்து சேர்ந்தால் துரத்துவதைக் கைவிட்டுவிடும். எத்தனை கொக்கு வரும்வரை துரத்துகிறது, எப்போது விடுகிறது என்று பார்த்து எழுதச் சொல்லுங்கள்.