தாகா கோட்டை: எல்லையில் நின்ற அலுவலகம்

ஜப்பானின் வடகிழக்கில், செண்டாய் நகரத்துக்குப் பக்கத்தில் தாகா கோட்டையின் அடித்தளங்கள் இருக்கின்றன. அன்றைய தலைநகரான நாராவில் இருந்த அரசு தன் வடக்கு எல்லையைக் காக்க 724இல் கட்டியது இது. எல்லைக்கு அப்பால் எமிஷி மக்களின் நாடு. தெற்கு வாசலருகே 762இல் நட்ட ஒரு கல், இங்கிருந்து தலைநகருக்கு 1,500 'ரி', எமிஷி எல்லைக்கு 120 'ரி' என்கிறது. அன்றைய ஒரு 'ரி' அரைக் கிலோமீட்டருக்குச் சற்றே அதிகம்.

கோட்டை சதுரமாக இல்லை. குன்றும் பள்ளமுமான நிலத்தை வளைத்ததால் வெளிமதில் கோணலாக ஓடுகிறது. ஒரு பக்கத்தின் நீளம் சராசரியாக 900 மீட்டருக்குக் கிட்டத்தட்ட. மேட்டில் மண்மதில்: இரு பலகைகளுக்கு நடுவே மண்ணைக் கொஞ்சம் கொட்டி, இடித்து இறுக்கி, அதன்மேல் அடுத்த அடுக்கு. இறுகிய மண் உறுதியானதுதான், ஆனால் தண்ணீர் ஊறினால் கரைந்துவிடும். மழையைத் தடுக்க மேலே கூரை போடலாம். அடியிலிருந்து ஏறும் ஈரத்தை என்ன செய்வது? அதனால் சதுப்பான பள்ளங்களில் மரக்கட்டைகளை நெருக்கமாக ஊன்றி வேலி அமைத்தார்கள். ஒரே மதிலை நிலம் பார்த்து மாற்றிக் கட்டிய இந்த நிதானம் எனக்கு மிகவும் பிடிக்கிறது.

சரி, உள்ளே என்ன? நட்ட நடுவில், சுமார் 100 மீட்டர் அகல நீளத்தில் இன்னொரு சுற்றுமதில். அதற்குள் முற்றமும் தெற்கு நோக்கிய பெரிய மண்டபமும். சடங்குகளும் அரசுக் காரியங்களும் நடந்த இடம் இது. என் பார்வையில், இது படைவீடு என்பதைவிட மதில் கட்டிய மாகாண அலுவலகம்.

780இல் இஜி நோ அசாமாரோ என்ற எமிஷித் தலைவரின் கிளர்ச்சியில் கோட்டை எரிந்தது. திரும்பக் கட்டினார்கள். 869இல் பெரும் நிலநடுக்கம். அதற்கப்புறமும் கட்டினார்கள்.

இங்கே கிடைத்தவற்றில் அரியது, தோல் துண்டு போலிருந்த பழுப்புத் தகடுகள். பொருள்களுக்கு மெருகாகப் பூசும் உருஷி என்ற மரப்பால் பானையில் காய்ந்துபோகாமல் இருக்க, வேண்டாத அலுவலகக் காகிதத்தை அதன்மேல் ஒட்டி மூடுவார்கள். பால் ஊறி இறுகிய இடம் மட்டும் மண்ணுக்குள் மக்காமல் தங்கியது. மையில் இருக்கும் கரி அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சும். அதனால் அந்த ஒளியில் படமெடுத்தால் பழுப்புக்கு நடுவே எழுத்து கறுப்பாகத் தெரிகிறது. அப்படிப் படித்தவற்றில் ஆள்கணக்குப் பதிவும் நாட்காட்டித் துண்டும் உண்டு.