டியூனருக்குச் சரி, காதுக்குப் பிழை

என்னிடம் பௌதிகவியல் படித்த நான்கு பையன்கள் திருகோணமலைக் கரையோரத்து உப்புவெளியில் ஒரு ரொக் குழு வைத்திருந்தார்கள். வேலை, கல்யாணம், வெளிநாடு என்று ஆளுக்கொரு பக்கம் போய், ஆறு வருடம் கழித்து இப்போதுதான் அடுத்த அல்பத்துக்காகக் கூடியிருக்கிறார்கள். கட்டிலுக்கடியில் கிடந்த கிற்றாரை எடுத்துச் சுருதி கூட்டினால் சுருதி காட்டும் மெசினான டியூனரில் ஆறு தந்திக்கும் பச்சை விளக்கு. சேர்த்து மீட்டினால் புளித்த சத்தம். "சேர், மெசின் பொய் சொல்லுதா, இல்லாட்டி எங்கட காது பழுதா?" என்று கேட்டான் கிற்றார்காரன்.

இரண்டும் இல்லை. விரலால் தந்தியைத் தடவிப் பார்த்தேன். நுனியில் காவி ஒட்டியது.

துருப்பிடிப்பது எப்படி என்பது பள்ளிக்கூடப் பாடம்தான். அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகளை வாடைக்காற்று வீட்டுக்குள் கொண்டுவருகிறது; அதிலுள்ள உப்பு தந்தியில் படிகிறது. காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானே நீரை இழுத்துக் கரைந்துவிடும்; திருகோணமலை இரவுகளில் அது சாதாரணம். அப்புறம் உருக்குத் தந்தி என்ன செய்யும், பாவம்.

எனக்குப் பிடித்த பகுதி இனித்தான். ஒரு தந்தி ஒரே நேரத்தில் பல விதமாக அதிரும். கிற்றாரின் ஏ (A) தந்தியை மீட்டினால் 110 ஹேர்ட்ஸ், அதாவது செக்கனுக்கு 110 அதிர்வு, அடிப்படைச் சுரத்தோடு 220, 330 என்று மேற்றொனிகளும் கூடவே எழும். முழுத் தந்தியும் ஒரே வளைவாக ஆடுவது 110. நடுவில் ஆடாத புள்ளியாக ஒரு கணு விழுந்து இரண்டு பாதியும் எதிரெதிராக ஆடுவது 220.

இப்போது தந்தியின் சரி நடுவில் ஒரு துருக்கட்டி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதன் திணிவு தந்தியின் திணிவில் நூற்றில் ஒரு பங்கு. 110க்கு நடுப்பகுதிதான் அதிகம் ஆடும் இடம், ஆகவே கட்டியையும் தூக்கிக்கொண்டு ஆடவேண்டும், ஏறக்குறைய 108.9க்கு இறங்கிவிடும். 220க்கோ நடுப்பகுதி ஆடாத கணு. அங்கே கட்டி இருப்பதே அதற்குத் தெரியாது! ஒரே பாரம், ஒருவர் தலையில் மட்டும்.

டியூனர் பெரும்பாலும் அடிப்படைச் சுரத்தைத்தான் பார்க்கும். அது குறைகிறது என்று தந்தியை முறுக்கி 110க்குக் கொண்டுவருவீர்கள். பச்சை விளக்கு எரியும். ஆனால் அந்த முறுக்கில் மேற்றொனியும் ஏறி 222 ஆகியிருக்கும். பக்கத்துத் தந்தியில் சுத்தமான 220 ஒலித்தால் இரண்டும் மோதி, செக்கனுக்கு இரண்டு தடவை சத்தம் ஏறி இறங்கும். பாடப்புத்தகம் அடிப்பு என்று சொல்வது இதைத்தான். நிஜத் தந்தியில் கட்டி ஒன்றல்ல; ஓரிடத்தில் துருவும் அழுக்கும் சேர்ந்து கனக்கும், இன்னோரிடத்தில் தேய்ந்து மெலியும். ஒவ்வொரு மேற்றொனியும் ஒவ்வொரு அளவில் விலகும்.

கிற்றார்காரனின் அம்மா இது கண்ணூறு என்றார். கிற்றாரின் கழுத்தில் ஒரு தேசிக்காய் தொங்கியது. அதன் சாறு தந்தியில் பட்டால் துருவைக் கரைக்கும், கூடவே உருக்கையும் அரிக்கும். சரஸ்வதி பூசைக்கு வருடத்துக்கு ஒருதரம் எடுத்துத் துடைத்து வைத்திருந்தாலாவது நான் ஆதரித்திருப்பேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். கரையோரத்தில் பத்து இரும்புத் தகடுகளைக் கட்டித் தொங்கவிட்டு, மாதாமாதம் துருவைச் சுரண்டி நிறுத்துப் பார்த்தால் எந்தக் காற்றுக்கு எவ்வளவு அரிப்பு என்று தெரியவரும். கூரைத்தகடு போடுகிறவருக்கும் படகு எஞ்சின் வைத்திருப்பவருக்கும் அது உதவும். இப்படிப்பட்ட மலிவான ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டால்தான் யாருக்கும் காது கேட்காது.

பழைய தந்தியைக் கொதிநீரில் போட்டெடுக்கும் வித்தை அழுக்கைக் கொஞ்சம் போக்கும், துருவைப் போக்காது. புதுத் தந்தி வாங்கச் சொன்னேன். வாங்கினார்கள். ஆனால் ஒரு பாட்டை மட்டும் பழைய தந்தியிலேயே பதிவுசெய்யப் போகிறார்களாம். அந்தப் புளிப்பு பிடித்துவிட்டதாம்.