மறுகா செய்வம்: தள்ளிப்போடும் மூளையை எந்த வைத்தியரிடம் காட்டுவது?

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறார். அவருடைய தம்பிக்கு 26 வயது. வெளிவாரிப் பட்டப்படிப்பில் இரண்டு ஒப்படைகள்தான் மிச்சம். அவை மிச்சமாகக் கிடந்தே இரண்டு வருடமாகிறது. "கேட்டா மறுகா செய்யிறன் எண்டுறான். ஏசினாலும் அதான், கெஞ்சினாலும் அதான். முந்தி கிறிக்கெட் எண்டா பறப்பான், இப்ப அதுக்கும் போறானில்ல. அம்மா மூண்டு தரம் நூல் கட்டிட்டா. இதுக்கு ஆரிட்டக் காட்டுற அண்ணன்?"

மட்டக்களப்புக்குப் போனால் பாயோடு ஒட்ட வைத்துவிடுவார்கள் என்று வெளியூரில் ஒரு பேச்சு உண்டு. மந்திரத்தைச் சொல்கிறார்கள் என்பார்கள் சிலர். விருந்தோம்பலைத்தான் சொல்கிறார்கள் என்போம் நாம். ஆனால் வீட்டுப் பிள்ளை பாயை விட்டு எழும்பாவிட்டால் நாமே மந்திரத்தின் பக்கம் போய்விடுகிறோம். ஆரோ செய்வினை செய்துபோட்டார்கள் என்கிறோம், இல்லாவிட்டால் சோம்பேறி என்கிறோம். இரண்டு பேச்சுமே பிள்ளையை வைத்தியசாலைப் பக்கம் போகவிடாமல் மறிக்கின்றன.

நரம்புக் கலங்கள் இரசாயனங்களால் பேசிக்கொள்கின்றன என்பது பாடசாலையில் படித்ததுதான். அவற்றில் ஒன்று டொப்பமின். அதை மகிழ்ச்சிக்கான இரசாயனம் என்று எங்கு பார்த்தாலும் எழுதுகிறார்கள். அந்தப் பெயர் பொருந்தாது என்று காட்டிய ஒரு எலிப் பரிசோதனை எனக்கு மிகவும் பிடித்தது. அதைக் கொஞ்சம் ஆறுதலாகச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் ஜோன் சலமோன் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 1994இல் வெளியிட்டது. எலிக்கு ஒரு முச்சந்திப் பாதை செய்தார்கள். ஒரு பக்கம் திரும்பினால் நாலு தீன் உருண்டை. மற்றப் பக்கம் இரண்டு. நாலு உருண்டை இருக்கும் பக்கத்தில் மட்டும் ஏறக்குறைய ஒரு முழ உயரத்துக்கு ஒரு தடுப்பு; ஏறித் தாண்டினால்தான் தீன். சாதாரண எலிகள் பெரும்பாலும் ஏறின. பிறகு, மூளையின் அடிப்பகுதியில் உள்ள நியூக்கிளியஸ் அக்கம்பென்ஸ் என்ற சிறு பகுதியில் டொப்பமினைக் குறைத்தார்கள். இப்போது எலிகள் தடுப்பின் பக்கம் போவதை விட்டுவிட்டு, சும்மா நடந்துபோய் இரண்டு உருண்டையைத் தின்றன.

தீனில் ஆசை போய்விட்டதா? தடுப்பை எடுத்துப் பார்த்தார்கள். எலிகள் நாலு உருண்டைப் பக்கமே போயின. ஆக, ஆசையும் இருக்கிறது, எந்தப் பக்கம் அதிகம் என்ற ஞாபகமும் இருக்கிறது. அப்படியானால் ஏற முடியவில்லையா? 1996இல் வெளியிட்ட அடுத்த ஆய்வில் மற்றப் பக்கத்தில் தீனே வைக்காமல் பார்த்தார்கள். டொப்பமின் குறைந்த எலிகளும் தடுப்பில் ஏறித் தாண்டின. காலுக்கும் ஒன்றுமில்லை. மாறிப்போனது ஒரு கணக்கு மட்டும்தான்: இவ்வளவு பாடுபட்டால் இவ்வளவு கிடைக்கும், அது பெறுமதியா என்ற கணக்கு. சந்தையில் மீன் அதே மீன்தான், கையிலும் காசு இருக்கிறது, ஆனால் விலை ஏறிவிட்டது.

இதை முதல் தடவை வாசித்தபோது இரண்டு நாள் வேறெதையும் யோசிக்க முடியவில்லை. நம் வீடுகளில் அடிக்கடி கேட்கிற ஒரு குற்றச்சாட்டுக்கு இதில் பதில் இருக்கிறது. "கடைசி நாள் வந்தா மட்டும் விடிய விடிய இருந்து செய்யிறான்தானே, அப்ப நடிக்கிறான்" என்கிறோம். அந்த எலியும் வேறு வழி இல்லாதபோது ஏறியது. ஒரு நாள் ஏறியதை வைத்து, ஒவ்வொரு நாளும் அவனுக்கு அந்தத் தடுப்பு எவ்வளவு உயரமாகத் தெரிகிறது என்று சொல்ல முடியாது.

மனிதரிலும் பார்த்திருக்கிறார்கள். மைக்கேல் ட்ரெட்வே என்பவர் 2009இல் ஒரு சோதனை வடிவமைத்தார். பழக்கமான கையின் சுட்டுவிரலால் 7 செக்கனில் 30 தரம் பொத்தானை அழுத்தினால் சிறிய தொகை. மற்றக் கையின் சின்னவிரலால் 21 செக்கனில் 100 தரம் அழுத்தினால் பெரிய தொகை. 2012இல் மனச்சோர்வு நோய் உள்ளவர்களிடம் இதைச் செய்து பார்த்தபோது, மற்றவர்களைவிட அவர்கள் கடினமான வேலையைக் குறைவாகவே தேர்ந்தெடுத்தார்கள்.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. ஒப்படையை நினைத்தாலே நெஞ்சு இறுகுகிறது. "மறுகா" என்று சொன்ன உடனே அந்த இறுக்கம் தளர்கிறது. அந்தத் தளர்வே மூளைக்குப் பரிசாகி, அடுத்த தரமும் தள்ளிப்போடச் சொல்கிறது. சிரோயிஸ், பிச்சில் என்ற இரு உளவியலாளர்கள் 2013இல் தள்ளிப்போடுவதை நேர முகாமைப் பிரச்சினையாகப் பார்க்காமல் உணர்வைச் சமாளிக்கும் பிரச்சினையாகப் பார்க்கச் சொன்னது இதனால்தான். நேர அட்டவணை எழுதி ஒட்டுவது பலருக்குப் பலிக்காததும் இதனால்தான்.

சரி, ஆரிடம் காட்டுவது?

முதலில் போக வேண்டியது பக்கத்து வைத்தியசாலையின் ஓபிடிக்கு, அதாவது வெளிநோயாளர் பிரிவுக்கு. பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தைரொய்ட் சுரப்புக் குறைந்தாலும், இரத்தச்சோகை இருந்தாலும், குறட்டையோடு மூச்சு அடைபட்டு இரவுத் தூக்கம் கெட்டாலும், உடலே எல்லா வேலைக்கும் விலையை ஏற்றிவிடும். ஒரு இரத்தப் பரிசோதனையில் பிடிபடக்கூடியதை வருடக்கணக்காகக் குணக்கேடு என்று ஏசிக்கொண்டிருப்பது எனக்குப் பொறுக்கவே முடியாத அநியாயம்.

அதில் ஒன்றுமில்லை என்றால் மனநலக் கிளினிக். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது; மற்ற ஊர்க்காரர்கள் தங்கள் ஆதார வைத்தியசாலையில் கிளினிக் நாளைக் கேட்டுப் போகலாம். அரச வைத்தியசாலையில் காசு கட்டத் தேவையில்லை. குறிப்பாக, விருப்பமான விளையாட்டு, சாப்பாடு, கூட்டாளிமார் எல்லாம் இரண்டு கிழமைக்கு மேல் வெறுத்துப்போனால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். சின்ன வயதிலிருந்தே கவனம் நிற்காமல், பொருட்களைத் தொலைத்து, தொடங்கியதை முடிக்காமல் வந்தவரென்றால் ஏ.டி.எச்.டி. என்ற கவனக்குறைபாட்டுக் கோளாறு பற்றி வைத்தியரிடம் கேட்க வேண்டும். அது பெரியவர்களிலும் இருக்கும், அதற்கு மருந்தும் உண்டு. சாக வேண்டும் என்ற நினைப்பு வந்தால் கிளினிக் நாளைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டாம். உடனே வைத்தியசாலைக்குக் கூட்டிப்போங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம்.

மற்றதெல்லாம் நன்றாக இருந்து, குறிப்பிட்ட ஒரு வேலை மட்டும் நெஞ்சை இறுக்குகிறது என்றால் உளவளத்துணையாளர் போதும். பிரதேச செயலகத்தில் விசாரிக்கலாம். புத்திமதி மட்டும் சொல்கிறவரா, அடுத்த சந்திப்புக்குள் செய்துவர ஒரு சின்ன வேலை தருகிறவரா என்று பாருங்கள். இரண்டாவது ஆள்தான் வேண்டும்.

அந்தச் சின்ன வேலைதான் சிகிச்சையின் உயிர். நடத்தைத் தூண்டல் சிகிச்சை என்பார்கள். மனம் சரியானதும் செய்வோம் என்று காத்திராமல், செய்வதிலிருந்து மனதைத் தொடுகிற முறை. காலை ஒன்பது மணிக்கு ஒப்படைக் கோப்பைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைக்க வேண்டும், அவ்வளவுதான். எழுதத் தேவையில்லை. எப்படி இருந்தது என்று ஒரு கொப்பியில் குறிக்க வேண்டும். நினைத்த அளவுக்குக் கஷ்டமில்லை என்று மூளை கண்டுகொள்ளும்போது அடுத்த நாள் அந்தத் தடுப்பு ஒரு விரல்கடை தாழ்கிறது.

இதைச் செய்ய எப்போதும் பெரிய வைத்தியர்தான் வேண்டும் என்றில்லை. மனநல வைத்தியர் விக்ரம் பட்டேலின் குழுவினர் இந்தியாவின் கோவாவில் மனநலத் துறையில் முன்படிப்பு இல்லாத உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆரம்பச் சுகாதார நிலையங்களில் மனச்சோர்வு நோயாளிகளுக்கு ஆறு முதல் எட்டு அமர்வுகள் கொடுக்கச் செய்தார்கள். பலன் இருந்தது, 2017இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. சுனாமிக்குப் பிறகு நம் கரையோரத்துக்கு எத்தனையோ மனநலத் திட்டங்கள் வந்தன, காசு முடிந்ததும் போயின. வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் நமக்குப் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. கோவாவில் செய்ததை இங்கே, நம் பேச்சுத் தமிழில், நம் ஆட்களை வைத்துச் செய்துபார்க்கக் காசு ஒதுக்க வேண்டும். வயல் அறுவடையும் மீன்பிடிப் பருவமும் பார்த்து அமர்வு நாள் குறிக்க இங்குள்ளவர்களுக்குத்தான் தெரியும்.

தங்கச்சிக்கு இதையெல்லாம் எழுதினேன். நூலை அறுக்கச் சொல்வார்களோ என்று அம்மா பயப்படுகிறா என்று பதில் வந்தது. நூல் இருக்கட்டும், இரத்தம் எடுப்பது முழங்கை மடிப்பில்தான் என்றேன். போகும்போது ஒரு துண்டில் நாலு வரி எழுதிக்கொண்டு போகச் சொன்னேன்: எப்போது தொடங்கியது, எத்தனை மணிக்குப் படுக்கிறான், குறட்டை உண்டா, கிறிக்கெட்டை எந்த மாதம் விட்டான்.